உலகின் பத்தொன்பதாவது அழகான வளாகம்

1

இந்தக் கதை அம்மா என் கைபேசிக்கு அனுப்பிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆழத்தில் தேடியபோது வேறொன்றும் கிடைக்கவில்லை.

கட்டுரையின் தலைப்பு: ‘ஆயுளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய இருபத்தைந்து அழகான பல்கலைக்கழக வளாகங்கள்.’ பனி மூடிய செங்கல் கோபுரங்கள் இருந்தன. கடலை எட்டிப்பார்க்கும் வகுப்பறைகள் இருந்தன. ஓர் இடத்தில் மாணவர்கள் படகில் ஏறி நூலகத்துக்குப் போனார்கள். எல்லாப் படங்களிலும் புல்வெளியில் ஒரு பெண் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வேதியியல் படிப்பவள். புத்தகத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பத்தொன்பதாவது இடத்தில் நான் படிக்கும் வளாகம் இருந்தது.

அம்மா கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: “முன்னாடி பதினெட்டு பேர் இருக்காங்க போல?”

அம்மா அப்படித்தான். மருத்துவமனையில் தலைமை நர்ஸ். காய்ச்சல் குறைந்துவிட்டதென்று நோயாளி சிரித்தால், “இன்னும் முழுசா விடலையே” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவள்.

சரி, கதை. கதையில் ஒரு பெண் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். இந்த வளாகத்தில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு தங்கை. தங்கைக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று இந்த வளாகம். இன்னொன்று அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரி. அது எந்தப் பட்டியலிலும் வராது, வரவும் விரும்பாது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் ‘சரி’ சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தங்கை இங்கே வரக் கூடாது. இதுதான் கதையின் சிக்கல்.

அந்தப் பெண் நான் அல்ல.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: “ஏரியின் மேல் மூடுபனி ஒரு மெல்லிய திரையைப் போல...”

எங்கள் ஏரியில் மூடுபனி கிடையாது. வாத்துகள் உண்டு. அவை திரையைப் போல இல்லை. கடிக்கும்.

இரண்டாவது தொடக்கம்: “அழகு என்பது என்ன என்று மனிதகுலம் காலங்காலமாக...”

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது தொடக்கம்: “அவள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள்.”

இது இருக்கட்டும்.*

* தோற்றுப்போன தொடக்கங்களை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆய்வகப் பழக்கம். நாங்கள் தவறாக எழுதிய எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு போட்டு, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி விட வேண்டும். பிறகு வருகிறவர் அதே தவறைச் செய்யாமல் இருக்க அது உதவும் என்பார்கள். பிறகு வருகிறவர் அதே தவறைத்தான் செய்கிறார். ஆனால் துணை இருக்கிறது என்ற தைரியத்தோடு செய்கிறார்.

3

பின்னோக்கி நடப்பது பற்றி விளக்க வேண்டும்.

பட்டியலில் வந்த பிறகு எங்கள் வளாகத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களே அவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறோம். வழிகாட்டிக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது. எனவே நுழைவாயிலிலிருந்து ஏரி வரைக்கும், ஏரியிலிருந்து நூலகம் வரைக்கும் முகத்தை அவர்களுக்குக் காட்டியபடி பின்னோக்கியே நடக்க வேண்டும்.

பின்னால் தூண் இருந்தால் எப்படித் தெரியும்? பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். வருகிறவர்களின் கண்களைப் பார். அவர்கள் கண்கள் விரிந்தால் உன் பின்னால் ஏதோ இருக்கிறது. கண்கள் இறங்கினால் படி இருக்கிறது. கண்கள் மூடிக்கொண்டால், காலம் கடந்துவிட்டது.

கதையில் வரும் பெண்ணின் பிரச்சினை என்னவென்றால், அவளால் யாருடைய கண்களையும் பார்க்க முடியாது. செருப்பைப் பார்ப்பாள். செருப்புகள் எதையும் காட்டிக்கொடுக்காது. பயிற்சியில் ஒரே மாலையில் ஒரு தூண், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு பேராசிரியர் ஆகியோர் மேல் இடித்தாள்.

அப்படிப்பட்டவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள்? (இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று எனக்கே தோன்றியது. யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.) அவளுடைய பேராசிரியை அனுப்பினார். கருத்தரங்கில் அவள் முழு நேரமும் பலகையைப் பார்த்தே பேசினாள். முடிந்ததும் பேராசிரியை சொன்னார்: “பலகைகிட்ட பேசுறேம்மா நீ. அதுக்கு எல்லாம் தெரியும், நீதானே எழுதினே. எங்ககிட்ட கொஞ்சம் பேசு.”

கூச்சம் பற்றி ஒரு சிறு கட்டுரை இந்த இடத்தில் வருகிறது. சுருக்கமாக: கூச்சம் உள்ளவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஊரில் நினைக்கிறார்கள். அது தவறு. எங்களுக்கு, அதாவது அவர்களுக்கு, சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, வினைச்சொல்லை அடைவதற்குள் வேறு யாராவது

[அக்கா, நான்தான். இந்தக் கோப்பு நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் திறக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு, மறந்துட்டியா? “அந்தப் பெண் நான் அல்ல”வாம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது.]

4

வாசகரே, மேலே சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் எழுதியது அல்ல. என் தங்கை எழுதியது. எங்கள் வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். எனக்கு அவள் வைத்த பெயர் ‘ஊமைக்கோட்டான்’.

அவள் எழுதியதை நான் அழித்திருக்கலாம். ஆனால் அழிக்கக் கூடாது என்று மேலே ஓர் அடிக்குறிப்பே போட்டுவிட்டேன்.

சரி. அந்தப் பெண் நான்தான்.

தங்கையைப் பற்றி நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. கெட்டவள் அல்ல. பேசுவாள், அவ்வளவுதான். என்னைவிட மூன்று வயது சின்னவள். பேசத் தொடங்கிய நாள் முதல் எனக்கும் சேர்த்தே பேசினாள். வீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, “எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டால், “அவ நல்லா இருக்கா” என்று பதில் வரும். பல் மருத்துவர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு “வலிக்குதா?” என்று கேட்டபோது, வெளியே காத்திருப்போர் நாற்காலியிலிருந்து “வலிக்குதாம்” என்று குரல் வந்தது. வலித்தது உண்மைதான். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். அதுதான் கொடுமை.

இந்த வளாகத்துக்கு வந்த முதல் வாரம் உணவகத்தில் ஒருவர், “டீயா, காபியா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். யாரும் எனக்காகச் சொல்லவில்லை. வரிசை நீண்டது. கடைசியில் “டீ. சர்க்கரை கம்மியா. கொஞ்சம் சூடா” என்றேன். யாரும் குறுக்கிடாமல் நான் சொல்லி முடித்த முதல் நீளமான பேச்சு அது. பட்டியல் எழுதியவர் ஏரியையும் கோபுரத்தையும் பார்த்தார். எனக்கு இந்த வளாகத்தின் அழகு அந்த வரிசையில்தான் இருந்தது.

[சரி, அழுகை வருது. ஆனா ஒண்ணு கேக்கணும். தங்கை வரக் கூடாதுன்னு முதல் பகுதியில எழுதியிருக்கியே. அது கதைக்கா, நெசமா?]

இந்தக் கேள்விக்கு ஐந்தாம் பகுதியில் பதில் வரும்.

(அப்பா எங்கே என்று சிலர் கேட்கலாம். அப்பாவை இந்தக் கதையில் சேர்க்கவில்லை. அவர் நலமாக இருக்கிறார். வீட்டிலும் இப்படித்தான்.)

5

[அஞ்சு வந்துடுச்சு.]

சென்ற ஞாயிறு எனக்கு முதல் சுற்று. பயிற்சியில் தேறிவிட்டேனா என்று பார்க்க வழிகாட்டிகளின் தலைவரும் கூடவே வந்தார். மிக உயரமானவர். எதைக் கேட்டாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மணிக்கூண்டு’.

அன்றைக்கென்று அம்மாவும் தங்கையும் வளாகத்தைப் பார்க்க வந்தார்கள். பார்த்த பிறகுதான் எந்த இடம் என்று முடிவு செய்வதாக அம்மா சொல்லியிருந்தாள். கல்யாணப் படம் எடுக்க இடம் தேடி ஒரு ஜோடியும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் கூட்டம்.

என் நிலைமையைப் பாருங்கள். வளாகம் அழகாக இருக்கிறது என்று காட்டினால் மணிக்கூண்டு மகிழ்வார், தங்கை வந்துவிடுவாள். அசிங்கம் என்று காட்டினால் தங்கை வர மாட்டாள். என் வழிகாட்டி வேலை போகும்.

[ஓ, அப்போ நெசம்தான்.]

அந்த நேரத்தில் அம்மாதான் வழி காட்டினாள். நுழைவாயிலில் நின்று, இருபக்கமும் மரங்கள் நிற்கும் நீண்ட பாதையைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“என்னடி இது? பார்க் மாதிரி இருக்கு?”

“அழகா இருக்குல்லம்மா?” என்றாள் தங்கை.

“அதைத்தான் சொல்றேன். இவ்வளவு அழகா இருந்தா எவ படிப்பா?”

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அம்மாவுக்கு அழகான இடத்தில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இடம் என்றால் ஃபினாயில் வாசனை வர வேண்டும். நான் வளாகத்தை எவ்வளவுக்கெவ்வளவு புகழ்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு அம்மா பயப்படுவாள். மணிக்கூண்டும் மகிழ்வார். ஒரே கல்லில்... வேண்டாம். தேய்ந்த பழமொழி.

புகழ ஆரம்பித்தேன். பின்னோக்கி நடந்தபடி, எல்லோருடைய செருப்பையும் பார்த்தபடி.

“இந்தப் புல்வெளியில படுத்தா மூணு வகுப்பு போனதுகூடத் தெரியாது” என்றேன்.

அம்மாவின் செருப்பு நின்றது.

“அந்தக் கோபுரக் கடிகாரம் ரொம்பப் பழசு. பார்க்க அவ்வளவு அழகு.”

“மணி தப்பா காட்டுதே?” என்றாள் அம்மா.

“ஓடாதும்மா. அழகுக்கு வச்சிருக்காங்க.”

“ஓடாத கடிகாரத்தை உச்சியில வச்சிருக்காங்களா! எங்க வார்டுல ஓடாத கடிகாரம் இருந்தா என்னைத் தொங்கவிட்டிருப்பாங்க.”

மணிக்கூண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆன்ட்டி, அது பாரம்பரியச் சின்னம்.”

“ஓடினா இன்னும் நல்ல சின்னம் தம்பி.”

ஏரிக்கு வந்தோம். ஜோடியில் மணமகள், “இந்த ஓரமா நின்னா படத்துல பின்னாடி வாத்து விழும்ல?” என்றாள். மணமகன், “வாத்து விழுறது இருக்கட்டும், நான் விழுந்துடுவேன்” என்றான். தங்கை நடுவில் புகுந்து, அவர்கள் எப்படி நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம், வாத்துக்கு என்ன போட்டால் அது முகத்தைத் திருப்பும் என்றெல்லாம் சொன்னாள். வந்து அரை மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் ஏரி அவளுடையதாகிவிட்டது. நான் இரண்டு வருடமாகப் பார்க்கும் ஏரி. வாத்துகள்கூட அவளைக் கடிக்கவில்லை.

அப்போது நான் நினைத்தது: இவள் இங்கே வந்தால் உணவக வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அவளுக்கு டீ, சர்க்கரை கம்மியா” என்று சொல்லிவிடுவாள். அதோடு நான்

[அக்கா. நான் பக்கத்துக் காலேஜுக்கே போயிடறேன். கதை எழுதி இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். நேரா சொல்லியிருக்கலாம்ல.]

6

இரண்டு மணி நேரமாக எதுவும் எழுதவில்லை. அறைத்தோழியின் பிஸ்கட்டைத் தின்றேன். கைபேசியில் தங்கையை அழைத்தேன். எடுக்கவில்லை. ரேடியோ அணைந்திருந்தது. அப்படி ஒரு நிலைமை எங்கள் வீட்டு வரலாற்றில் இல்லை.

வாசகரே, இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அன்றைய ஞாயிற்றில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மிச்சப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அது பொய். தங்கையே, நீயும் படி. நீ அங்கே இருந்தாய். ஆனால் நீ என் எதிரில் நின்று பார்த்தாய். நான் பார்த்தது வேறு.

ஏரியிலிருந்து நூலகத்துக்குப் போக இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேராகப் போனால் வேதியியல் கட்டடம். வளாகத்தில் பட்டியல்காரர் படம் எடுக்காத ஒரே கட்டடம் அதுதான். சாம்பல் நிறம். ஜன்னல்களில் பழைய ஏர்கூலர்கள் துருத்திக்கொண்டிருக்கும். சுற்றிக்காட்டும் பாதை அதைக் கவனமாகத் தவிர்த்து, மூங்கில் புதருக்குப் பின்னால் வளைந்து போகும்படி போடப்பட்டது.

நான் தினமும் காலையில் ஏரியோரம் நடந்து அந்தக் கட்டடத்துக்குத்தான் போகிறேன். அன்று நூலகத்தின் ஓவியக் கூரையைப் புகழ்வதில் மும்முரமாக இருந்தேன். கால்கள் அவற்றுக்குத் தெரிந்த வழியில் போயின. பின்னோக்கிப் போனாலும் கால்களுக்கு வழி தெரிகிறது. இது எனக்கே புதிய செய்தி.

மணிக்கூண்டு கண்களால் ஜாடை காட்டியிருக்கிறார். நான் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தின் பின்வாசலில் சில படிகள் கீழே இறங்கும். கைப்பிடி கிடையாது. காலிக் குடுவைப் பெட்டிகள் ஒருபக்கம் அடுக்கியிருக்கும். அந்தப் படிகளை நோக்கி நான் முதுகைக் காட்டிக்கொண்டு, “உள்ளே நுழைஞ்சதும் மேலே பாருங்க, தங்க நிறத்துல...” என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

என்னவோ தோன்றித் தலையை நிமிர்த்தினேன். நேரே தங்கையின் கண்கள்.

விரிந்திருந்தன. அவள் வாய் மூடியிருந்தது.

அவள் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும், நான் நின்றிருப்பேன். ஆனால் பின்னால் படி இருப்பதே தெரியாமல் வந்துவிட்டேன் என்பது மணிக்கூண்டுக்கு முன்னால் அம்பலமாகியிருக்கும். அவள் கத்தவில்லை. கண்களை மெதுவாகக் கீழே இறக்கினாள். படி. நான் காலைத் தேடி வைத்தேன். மறுபடி இறக்கினாள். அடுத்த படி. வலப்பக்கம் உருட்டினாள், நான் குடுவைப் பெட்டிகளிலிருந்து விலகினேன். கடைசிப் படியில் இமைகளை ஒருமுறை மூடித் திறந்தாள். சமதரை.

இவ்வளவு நேரமும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். கூரையைப் பற்றி, ஓவியத்தைப் பற்றி. வாக்கியங்களைத் தொடங்கினேன், முடித்தேன். யாரும் குறுக்கே வரவில்லை. நான் பேசி முடிக்கும்வரை என் தங்கை பேசாமல் இருந்தாள். அதுவும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு.

7

உள்ளே நடந்தது முழுக்க உண்மை. பொய் என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேதியியல் கட்டடத்தின் நடைவழியில் கூரை ஓவியம் கிடையாது. எரியும் ஒரு குழல்விளக்கும் எரியலாமா என்று யோசிக்கும் ஒரு குழல்விளக்கும் உண்டு. காரமான மருந்து வாசனை. வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியிருந்தார்கள்.

“இதுதான் நூலகமா?” என்றான் மணமகன்.

நான் பதில் தேடுவதற்குள் அம்மா ஆழமாக மூச்சை இழுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“ஆ, இது படிக்கிற இடம்!”

“அம்மா, இது...”

“அந்தப் பசங்க மூஞ்சியைப் பாருடி. தூங்கி எத்தனை நாளாச்சோ. கண்ணுக்குக் கீழே பாரு. இதுங்கதான் உருப்படும்.” சுவரில் இருந்த குழாயைச் சுட்டினாள். “கண் கழுவுறதுக்கா? நல்லது. எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டியிருக்காங்க. தேதிகூடப் போட்டிருக்காங்க!” அம்மா இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்தது, ஒரு முறை அவளுடைய வார்டுக்குச் சோதனைக்கு வந்தவர்கள் எந்தக் குறையும் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போன அன்றுதான்.

பிறகு மேலே பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு பெரிய பூவாளி போன்ற தலையும் அதிலிருந்து ஒரு சங்கிலியும் தொங்கின.

“இது?”

“மேல அமிலம் கொட்டிட்டா உடனே இழுக்கணும்மா. தண்ணி கொட்டும்.”

“வேலை செய்யுதா?”

“செய்யும்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா?” தலைமை நர்ஸ் ஒருத்தி இருபது வருடமாக வார்டில் கேட்கிற குரல் அது. “இதெல்லாம் அப்பப்போ இழுத்துப் பார்க்க வேணாமா?”

இழுத்துப் பார்த்தாள்.

அந்தத் தலைக்கு நேர்கீழே, எங்கள் எல்லோரையும்விட உயரமாக, அதனால் தண்ணீருக்கு எல்லோரையும்விடப் பக்கமாக, மணிக்கூண்டு நின்றுகொண்டிருந்தார்.

அது அருமையாக வேலை செய்தது.

சாய்ந்து நின்ற இரண்டு பேரும் விழித்துக்கொண்டார்கள். மணமகள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். அம்மா, “அழுத்தம் நல்லா இருக்கு” என்றாள். தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கூண்டு மூக்கு நுனியில் சொட்டும் நீரோடு பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்றிருந்தது.

“சுற்று முடிஞ்சுது” என்றார்.

வெளியே போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: “பாதை தப்பு. ஆனா அந்தப் படியில எப்படி இறங்கினே? நானே அங்கே பின்னாடி நடக்க மாட்டேன்.”

“கண்ணைப் பார்த்தேன்” என்றேன்.

“அடுத்த ஞாயிறு மறுபடி வா. கண்ணையே பாரு. உங்கம்மாவைக் கூட்டிட்டு வராதே.”

8

முடிவுகள். இங்கேயும் மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: தங்கை வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் சேருகிறாள். அக்கா நிம்மதியாகப் பேசிப் பழகிப் பெரிய பேச்சாளராகி, ஒரு நாள் மேடையில் நின்று பார்க்கிறாள். முன்வரிசையில் எல்லோருடைய கண்களும் தெரிகின்றன. எந்தக் கண்ணும் படி எங்கே என்று சொல்லவில்லை. விழுகிறாள். (உருக்கமாக இருக்கிறது. மேடைக்கு யாரும் பின்னோக்கி ஏறுவதில்லை என்பதால் நம்பும்படி இல்லை.)

முடிவு இரண்டு: தங்கை இங்கே சேருகிறாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஏரியில் மூடுபனி. (எங்கள் ஏரியில் மூடுபனி கிடையாது. வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததும் கிடையாது.)

முடிவு மூன்று: இருபத்தைந்து வளாகங்களில் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு படத்துக்கு வராத கட்டடம் இருக்கும், அதன் நடைவழியில் யாரோ நின்றபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள், ஆகவே உண்மையான அழகு என்பது

வேண்டாம். இரண்டாவது தொடக்கம் மறுபடி எட்டிப்பார்க்கிறது.

9

இன்று வியாழன். அம்மா காலையில் அழைத்தாள். வேதியியல் கட்டடத்தைப் பார்த்த பிறகு அவளுக்குப் பூரண சம்மதம். தங்கை வேதியியல் படிக்கப்போவதில்லை, வரலாறுதான் படிக்கப்போகிறாள் என்பதை நினைவூட்டினேன். “பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும்” என்றாள். “ஆனா அவ என்னவோ பக்கத்துக் காலேஜுன்றா. ரெண்டு நாளா பேச்சே இல்லை. உடம்பு சரியில்லையான்னு தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. நீ ஏதாவது சொன்னியா?”

சொன்னேன் அம்மா. எட்டுப் பகுதிகளில் சொன்னேன்.

வாசகரே, இந்தக் கதையில் இன்னும் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று, தின்ற பிஸ்கட் அறைத்தோழியுடையது அல்ல, என்னுடையதுதான். பாவப்பட்டவளாகத் தெரிய வேண்டும் என்று மாற்றினேன். இன்னொன்று முதல் பகுதியில் இருக்கிறது, ‘தங்கை இங்கே வரக் கூடாது’ என்ற வரி. எழுதியபோது அது பொய்யாக இல்லை. ஆறாம் பகுதியில் அந்தப் படிகளை எழுதும்போதுதான் பொய்யாகிவிட்டது. கோடு போடுகிறேன். கீழே இருப்பது படிக்கத் தெரியும்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. உங்கள் இடப்பக்கம் ஏரி இருக்கிறது. தயவுசெய்து எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். உலகின் பத்தொன்பதாவது அழகான வளாகத்தின் ஏரி. படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தை மட்டும் தொட வேண்டாம். நான் இவளோடு ஒரு நிமிடம் பேச வேண்டும்.

ஏய், ரேடியோ.

நீ இங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் இரண்டு கர்சர் குறிகள் துடிக்கின்றன. ஒன்று என்னுடையது. இன்னொன்று நேற்றிலிருந்து ஒரு எழுத்துகூட அடிக்காமல் நான் போகும் வரிக்கெல்லாம் கூடவே வருகிறது. படி இருக்கிறது, படி இல்லை என்பது போல.

உணவகத்தில் டீயை நானே கேட்டுக்கொள்வேன். அது மட்டும் என்னுடையது. மற்றபடி, அடுத்த ஞாயிறு எனக்கு மறு தேர்வு. என் எதிரில் நிற்கும் கூட்டத்தில் நீயும்

இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். முடிக்கத் தெரியும். யாரும் குறுக்கிடவும் இல்லை. ஆனாலும் விடுகிறேன். நாளைக்குள் நீ முடி. என்ன வேண்டுமானாலும் எழுது, நான் அழிக்க மாட்டேன்.

இந்த ஒரு முறை குறுக்கே பேசலாம்.

[